இளம் ஆய்வாளர்க்குக் கதவு திறக்கட்டும்!



நச்சுயிரி துறை பார்த்து நுழைவதில்லை. விலங்கினின்று மாந்தனுக்கும், மாந்தனினின்று விலங்கிற்கும் அது தாவும். நுரையீரலில் புகுந்து வீட்டின் வருவாயையும் சேர்த்தே குலைக்கும். அதனைத் தேடிப் பிடிக்க வேண்டிய அறிவு மட்டும், 'இஃது என் துறை, அஃது உன் துறை' என வேலியிட்டு நிற்றல் தகுமா?

அவ்வேலியைக் கடந்ததால் விளைந்த நன்மைக்குச் சென்னையே சான்று. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்பு பயின்றவர் செல்லப்பன் நிருமலா. அன்று அவருக்கு அகவை 32. எய்ட்சு நோய் இங்கு உண்டா எனக் குருதியை ஆய்ந்து பார்க்குமாறு அவரைத் தூண்டியவர் பேராசிரியர் சுனிதி சாலமன். 'அந்நோய் நம் நாட்டில் இராது' எனப் பலரும் நம்பியிருந்த காலம் அது. மருத்துவமனையிலும் மயிலாப்பூர்க் காப்பகத்திலும் இருந்த, பாலியல் தொழிலில் சிக்கிய பெண்களிடம் 80-க்கும் மேற்பட்ட குருதிக் கூறுகளை நிருமலா திரட்டினார். பிரித்தெடுத்த ஊநீரைத் தம் வீட்டுக் குளிர்பெட்டியிலேயே வைத்துக் காத்தார். சென்னையில் அதனை ஆயும் வாய்ப்பில்லை. 1986 பிப்பிரவரியில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துச் சென்றார். அங்கு நச்சுயிரியல் வல்லுநர் யேக்கபு சான் ஆய்வக வாயிலைத் திறந்துவிட்டார். ஆறு கூறுகள் மஞ்சளாயின. இந்திய மண்ணில் எச்.ஐ.வி. முதன்முதல் வெளிப்பட்டது இவ்வாறே.

ஒரு கேள்வியை நம்பி ஒப்படைத்த பேராசிரியர், அயல் மாணவிக்கு இடங்கொடுத்த ஆய்வகம், உடன்நின்ற கணவர். இம்மூன்றும் வாய்த்தமையால் அறிவு வென்றது. வாயாதிருந்தால்? இளையோர் ஆய்வு நற்பேற்றை நம்பியிருத்தல் ஆகாது. அதனை ஏற்பாடாக்குதல் வேண்டும் என்பதே எம் கருத்து.

அவ்வேற்பாட்டிற்குத் தென்சென்னைப் புறநகர்போல் பொருந்திய இடம் அரிது. தாம்பரத்தில் மருத்துவர் சவுரி முத்து 1928-இல் தொடங்கிய நெஞ்சக நோய் மருத்துவமனை, 1993 முதல் எச்.ஐ.வி. நோயர்க்கு அடைக்கலம் தந்தது. 2004 ஏப்பிரலில் அரசு விலையின்றிக் கூட்டுமருந்து வழங்கத் தொடங்கிய எட்டு நடுவங்களுள் அதுவும் ஒன்று. அதனருகே தேசியச் சித்த மருத்துவ நிறுவனம் உள்ளது. வடக்கே கிண்டியில், 1899-இல் தோன்றிய கிங் நிறுவனம் உள்ளது. தெற்கே வண்டலூர் உயிரியல் பூங்காவில் 2021 சூனில் அரிமாக்களை மகுட நச்சுயிரி பற்றியது. நீலா என்னும் பெண் அரிமா மாண்டது. அது டெல்டா வகை என்பதைப் போபால் ஆய்வகமே மரபணு படித்துக் கூறிற்று. மருத்துவர், விலங்கு மருத்துவர், சித்த மருத்துவர், மரபணுக் கணக்கர் ஆகிய நால்வர்க்கும் உரிய கேள்விகள் ஒரே தொடர்வண்டித் தடத்தில் கிடக்கின்றன. அவற்றை இணைத்து ஆயும் இளைஞர்க்கு, ஆண்டுதோறும் புதுப்பிப்பை எதிர்நோக்கிக் கலங்கவேண்டாத ஐந்தாண்டு நல்கை வேண்டும். இருதுறை வழிகாட்டியர் வேண்டும். எந்நிறுவன ஆய்வகத்திலும் நுழையும் உரிமை வேண்டும். உழைத்தவர் பெயர் ஆய்வேட்டில் முதற்கண் நிற்றல் வேண்டும்.

இன்னும் ஒன்று. எதற்காகக் குருதி எடுக்கிறோம் என்பதை அப்பெண்களிடம் தாம் சொல்லவில்லை என்றும், சொல்லியிருந்தாலும் அவர்க்கு விளங்கியிராது என்றும் நிருமலாவே பின்னாளில் கூறினார். விளங்காமை அப்பெண்களின் குறையன்று. விளங்கச் சொல்லும் சொற்களை அறிவுலகம் ஆக்கி வைக்காமையின் குறை. குருதி தருவார் தம் தாய்மொழியில் அனைத்தையும் அறிந்து, இசைந்து தருதல் வேண்டும். ஆகலின், நச்சுயிரி ஆய்வுக் குழுவில் தமிழறிந்தார்க்கும் ஓர் இருக்கை உண்டு.

அடுத்த தொற்று நாள் குறித்து வாராது. அது வருமுன் இளையோரை ஆளாக்குவோம். அறிவின் வேலிகளை அகற்றுவோம்!