பியேர், பீட்டர், ராயப்பன்: மூணு பேரும் ஒரே ஆள்தான்

பழவேற்காடு ஏரியில, சுண்ணாம்புக்குளம் பக்கம் வலை போடுற ஒரு அண்ணன் விலாவுல வலின்னு வந்தார். (அவர் சம்மதத்தோடதான் எழுதுறேன்.) ஆதார்ல பேரு ராயப்பன். படகுல கூப்பிடுறது பீட்டர். மடிச்சு வெச்சிருந்த பாண்டிச்சேரி டிஸ்சார்ஜ் சீட்டுல பியேர்.

"யாரு இந்த பியேர்?"னு நர்ஸ் கேட்டாங்க. "நான்தாம்மா"ன்னார். பாண்டிச்சேரி அவரோட அம்மா ஊர். பிறந்ததும் ஞானஸ்நானம் வாங்கினதும் அங்கதான்.

பியேர் பிரெஞ்சுக்காரங்களோட ரொம்பப் பழைய ஆண் பெயர். மூலம் கிரேக்க 'பெட்ரோஸ்'. அதுவும், இயேசு தன் சீடர் சீமோனுக்கு வெச்ச 'கேஃபா' என்ற அரமேயப் பெயரின் மொழிபெயர்ப்பு. அர்த்தம் பாறை, கல். அந்த சீமோனும் கலிலேயா ஏரியில வலை போட்டவர்தான்! ஆங்கிலத்துல பீட்டர் ஆனவர், தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கு ராயப்பர். பவுல் சின்னப்பர் ஆனது போல ('பவுலுஸ்'னா லத்தீன்ல சின்னவர்).

பிரெஞ்சுல ரோட்டுல கிடக்கிற கல்லும் 'பியேர்'தான். சிறுநீர்ப்பையில வர்ற கல்லுக்கும் அந்தக் காலத்து வைத்தியர்கள் அதே சொல்லைத்தான் பயன்படுத்தினாங்க. நம்ம அண்ணனுக்கும் பிரச்சினை கல்லுதான், சிறுநீரகக் கல்.

வேடிக்கை இதோட சரி.

சீட்டுல இருந்தது: "சிறுநீர்க்குழாயில் ஸ்டென்ட் வைக்கப்பட்டுள்ளது. 6 வாரத்தில் எடுக்கவும்." தேதி பார்த்தா ஒரு வருஷம் தாண்டிருச்சு. கல்லுக்காக வைக்கிற ஸ்டென்ட் தற்காலிகம். உள்ளேயே விட்டா அதுமேல உப்பு படிஞ்சு அதுவே கல்லாகும், கிருமி சேரும், கிட்னியே போகலாம். இதய ஸ்டென்ட் மாதிரி ஆயுசுக்கும் இருக்கிறது இல்ல இது. நிறைய பேர் இங்கதான் குழம்புறாங்க.

ஏன் எடுக்கல? எடுக்கத்தான் போயிருக்கார். ஆதாரும் சீட்டும் வேற வேற பேர், "இது உங்க சீட்டு இல்ல"ன்னு கவுண்டர்லயே திருப்பி அனுப்பிட்டாங்க. அவரும் வாதாடல. மறுநாள் வலைக்குப் போயிட்டார்.

மூணு பேர் வெச்சிருக்கிறது குத்தமா? ஒரே ஒரு எக்ஸ்ரே எடுத்திருந்தா ஸ்டென்ட் பளிச்சுன்னு தெரிஞ்சிருக்கும். பேர் பொருந்தலேன்னா நோயாளியை டாக்டர்கிட்ட அனுப்பணும், வீட்டுக்கு இல்ல. காப்பீட்டுக்குப் பேர் முக்கியம்தான், ஒத்துக்கிறேன். அதைச் சரிபண்ற வேலை ஆஸ்பத்திரியோடது.

அண்ணனுக்கு ஒரு தடவையில முடியல. ரெண்டு தடவையா எடுக்க வேண்டியதாச்சு. கிட்னி தப்பிச்சது.

உங்க வீட்டுலயும் கூப்பிடுற பேர் ஒண்ணு, சர்ட்டிபிகேட் பேர் ஒண்ணு இருந்தா, அட்மிஷன் போடும்போதே "இன்னார் என்கிற இன்னார்"னு எழுதச் சொல்லுங்க. ஸ்டென்ட் எடுக்கிற தேதியை வீட்டுக் காலண்டர்லயும் குறிச்சு வைங்க. யாராவது திருப்பி அனுப்பினா, "டாக்டரைப் பார்க்காம போகமாட்டேன்"னு அங்கேயே உட்காருங்க.