விழா யாருக்கு?

வைட்டிலாவில் நின்று பாருங்கள், நண்பர்களே! 2011இல் மொபிலிட்டி ஹப் என்னும் பேருந்து நிலையம் வந்தது. 2019இல் மெட்ரோ ரயில் வந்தது. 2023 ஏப்ரலில் காக்கநாட்டுக்கு நீர்வழி மெட்ரோவும் புறப்பட்டது. சாலையும் தண்டவாளமும் காயலும் அங்கே கைகோத்து நிற்கின்றன.

வழி எல்லார்க்கும் திறந்துவிட்டது, கல்லூரிக் கதவு?

படிப்பை இடையில் விட்டவர்க்கும் வேலைக்குப் போவோர்க்கும் இடந்தரவே சமுதாயக் கல்லூரி பிறந்தது. நம் நாட்டில் 1995இல் புதுவை அதைத் தொடங்கி வைத்தது. அத்தகைய கல்லூரி விழாப் பட்டியல் போடும்போது முதலில் எண்ணவேண்டியது யாரை? பகலெல்லாம் உழைத்து மாலையில் புத்தகம் எடுப்பவரை. கூட்டம் கலைந்தபின் மண்டபத்தைப் பெருக்கும் ஊழியரை.

பேச்சுப் போட்டி வேண்டும், கலைவிழா வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் நூலகம் எந்நேரம் வரை, பயணச் சலுகைக்கு விண்ணப்பம் எங்கே, வேலைக்கு வழிகாட்டுபவர் என்று வருவார்? இவையும் அதே பட்டியலில் இடம்பெற வேண்டாமா? ஆங்கிலத்தோடு மலையாளத்திலும் தமிழிலும் எழுதி, மக்கள் கூடும் வைட்டிலாவிலேயே ஒட்டினால் என்ன குறைந்துவிடும்?

கடைசிப் படகு போனபின் முடியும் விழா, காக்கநாட்டு மாணவிக்கு விழாவன்று. வீடு சேரும் கவலை! அவள் வீடு திரும்பும் நேரத்தைக் கேட்டுவிட்டு நாள் குறியுங்கள். அதுவே கல்லூரி விழா.