ஆயத்தமாக இல்லாதவர் யார்?

"நம் மாணவர்கள் நேரலை இணைய வகுப்புக்கு இன்னும் ஆயத்தமாகவில்லை." 2020 முதல் ஆசிரியர் கூட்டங்களில் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டோம். ஒருகாலத்தில் நாமும் இதைச் சொன்னவர்களே. ஆகவே இது பிறர்மீது மட்டும் எறியும் கல் அன்று.

அவ்வாண்டு கல்லூரிகள் மூடப்பட்டபின், காலை ஒன்பதரை மணிக்குத் திரைமுன் அமர்ந்து குறுந்தொகை நடத்தினோம். அறுபது பேர் வகுப்பில் பதினேழு பெயர்கள் தெரிந்தன. ஏனையோர்க்கு 'வரவில்லை' என்று குறித்தோம். கீரமங்கலம் பக்கத்து மாணவி ஒருத்தி வாரக்கணக்கில் வரவில்லை. அலட்சியம் என்றே முடிவுகட்டினோம். பின்னர்த்தான் தெரிந்தது: வீட்டிலிருந்த ஒரே திறன்பேசி அண்ணனுடையது. காலையில் அவனோடு வேலைக்குப் போய், இரவு ஏழு மணிக்கே அது வீடு திரும்பும்.

இதில் ஆயத்தமின்மை யாருடையது? தேசிய மாதிரி ஆய்வின் 75ஆம் சுற்று (2017-18), நாட்டின் ஊரகக் குடும்பங்களில் கணினி உள்ளவை 4.4 விழுக்காடு, இணைய வசதி உள்ளவை 15 விழுக்காட்டுக்கும் குறைவு என்று கணக்கிட்டது. பெருந்தொற்றுக்கு முன்பே எடுத்த கணக்கு அது. 2021 ஜனவரியில் கல்லூரி மாணவர்க்கு நாளொன்றுக்கு 2 ஜிபி இலவசத் தரவு என அரசு அறிவித்தது. நல்லதே. ஆனால் அண்ணனோடு போய்விட்ட கைபேசியில் எந்த அட்டையைச் செருகுவது?

இதே புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் அறிவொளி இயக்கம் தொடங்கியது. கல்குவாரிப் பெண்களும் அதில் எழுதப் படிக்கக் கற்றார்கள். அவர்கள் ஆயத்தமாகட்டும் என்று இயக்கம் காத்திருக்கவில்லை. அவர்கள் இருக்கும் இடத்துக்குப் பாடம் போயிற்று. பெண்களுக்கு மிதிவண்டி ஓட்டக் கற்றுத் தருவதும் எழுத்தறிவுப் பணியின் பகுதியாயிற்று. அந்த மண்ணில் நின்றுகொண்டு, முதுகலை படித்த நாம், மாணவர்களைக் குறைசொல்கிறோம்!

நேரலையில்தான் ஐயம் கேட்க முடியும் என்பர் சிலர். ஒலிவாங்கியை அடைத்துவைக்கச் சொல்லிவிட்டு எந்த ஐயத்தை எதிர்பார்த்தோம்? ஒரு மணிநேரக் காணொளி வகுப்பு பல நூறு மெகாபைட் விழுங்கும். அதே பாடம் ஒலிப்பதிவாயின் சில பத்து மெகாபைட்டுக்குள் அடங்கும், எந்நேரமும் கேட்கலாம். நாம் அவ்வாறு அனுப்பத் தொடங்கிய வாரத்தில், அந்த மாணவியிடமிருந்து இரவு பத்து மணிக்கு முதல் ஐயம் வந்தது. தலைவியின் கூற்று என்று நாம் சொன்ன பாட்டு ஏன் தோழி கூற்றாக இருக்கக்கூடாது என்று கேட்டிருந்தாள். விடைசொல்ல நமக்கு இரண்டு நாள் ஆயிற்று.

பழங்கதை என்று தள்ளவும் வழியில்லை. பருவத்துப் பாடங்களில் 40 விழுக்காடு வரை 'ஸ்வயம்' இணையப் பாடங்களாக அமையலாம் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021ஆம் ஆண்டு விதி. இனியேனும் கால அட்டவணை போடுமுன், வீட்டில் கைபேசி யாருடையது, எந்நேரம் கைக்கு வரும், அலைவரிசை எங்கே கிடைக்கும் என்று மாணவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்வோம். அதைக் கேளாமல் நேரலை வருகையை மதிப்பெண்ணோடு முடிச்சுப்போடும் எந்தத் தீர்மானத்திலும் நாம் கையொப்பமிடப் போவதில்லை.