கோவாவின் காரமும் குளவியும்

வலிகாமத்துச் செம்மண்ணில் கோவா இலையின் அடியில் அழுக்கணவன் தென்பட்டதும் நம் கை தெளிகருவியைத் தேடுகின்றது. ஆனால், கோவா ஆயுதமற்ற பயிரன்று. இலை கிழிபடும்போது அதிலுள்ள குளுக்கோசினோலேற்றும் நொதியமும் கலந்து கடுகுக்காரம் பிறக்கும்; பூச்சிகள் பல அதற்கே அஞ்சும். அழுக்கணவனோ கிழிப்பதில்லை, ஊசிவாயைக் கலங்களுக்கிடையே செலுத்திச் சாற்றை உறிஞ்சும். கோவாவுக்கே உரிய சாம்பல்நிற அழுக்கணவன் அச்சேர்மத்தைத் தன்னுடலில் சேமித்து, உண்ண வரும் எதிரியையும் அதனாலேயே தாக்கும்.

ஆயினும் அதே கடுகு மணமே அழுக்கணவனுள் முட்டையிடும் சிறு குளவியை அழைத்து வருகின்றது. கண்டபடி தெளிக்கும் நஞ்சு அக்குளவியையும் கொல்லும். எஞ்சியது சுண்ணக்கல் நிலத்தினூடே நம் கிணற்றுக்கும் இறங்கலாம்.

2021இல் இரசாயனங்களை ஒரேயடியாகத் தடைசெய்த அவசரத்தை நான் வேண்டவில்லை. யூரியாவை அளவோடு இடுவோம். தெளிக்குமுன் இலையைப் புரட்டிப் பார்ப்போம். ஊதிப் பழுப்பேறிய அழுக்கணவன்கள் இருப்பின், குளவி வந்துவிட்டது; சற்றுப் பொறுப்போம்.