உயிரியற் பட்டமும் ஊமைப் படிப்பும்

நிலைத்திணையியலிலோ விலங்கியலிலோ இளமறிவியற் பட்டம் பெற விழைந்து தமிழகத்துச் சிற்றூர்க் கல்லூரியொன்றிற் சேரும் மாணவனிடம் கேட்கப்படுவன பல. மூன்றாண்டு, ஆறு பருவம். முதற் பகுதியில் தமிழ், இரண்டாம் பகுதியில் ஆங்கிலம், மூன்றாம் பகுதியில் முதன்மைப் பாடமும் வேதியியல் போன்ற துணைப் பாடமும். நுண்ணோக்கிச் செய்முறை, படம் வரைந்த பதிவேடு, உலர்செடித் தொகுப்பு, வாய்மொழித் தேர்வு. இவையனைத்தும் வேண்டுவனவே. ஆனால், கற்றதைத் தன் தாய்மொழியில் விளக்க வல்லனா என்பதை மட்டும் பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை.

இதன் விளைவு யாது? உழவர் குடியிற் பிறந்த மாணவன் நீராவிப்போக்கைப் பற்றி ஆங்கிலத்தில் நெட்டுருச் செய்து எழுதி மதிப்பெண்ணும் பெற்றுவிடுகிறான். "நண்பகலில் துவளும் பூசணியிலை மாலையில் நிமிர்வதேன்?" என்று அவன் தாய் கேட்டால் வாயடைத்து நிற்கிறான். வேர் உறிஞ்சும் நீரினும் இலைத்துளை வழி வெளியேறும் நீர் மிகுவதால் இலை துவள்கிறது. வெயில் தணிந்ததும் ஈடாகிறது. இவ்வளவே விடை. விடை அவன் ஏட்டில் இருக்கிறது, நாவில் இல்லை. வீட்டுக்கும் வயலுக்கும் பயன்படாத அக்கல்வியால் குடும்பம் அடைந்த ஆக்கம் என்ன?

தமிழில் இயலாது என்பார் வரலாறு அறியாதார். உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்த தொல்காப்பிய மரபியல், புறத்தே வயிரமுடையவற்றைப் புல்லென்றும் அகத்தே வயிரமுடையவற்றை மரமென்றும் பிரித்தது. பனையும் தென்னையும் புறத்தே வன்மையுடைய ஒருவித்திலை இனம் என்பதை இற்றை அறிவியலும் ஒப்புகிறது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களைப் பெயர் சுட்டிக் கூறினார். அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 1864 முதல் மேலை மருத்துவத்தையே தமிழிற் கற்பித்தார். 1960-களிலும் 1970-களிலும் கல்லூரிக்கான அறிவியல் நூல்கள் தமிழில் வெளிவந்தன. அவற்றை இன்றைய மரபணு அறிவுக்கேற்பப் புதுக்குவதே எஞ்சிய பணி.

மேற்படிப்புக்கு ஆங்கிலம் வேண்டாவா எனின், வேண்டும். அதனை மொழியாகச் செவ்வனே கற்கட்டும். 1753-இல் இலின்னேயசு நிலைத்திணைகட்கு நிலைநாட்டிய இருசொற் பெயர்முறை உலகிற்கே பொதுவாதலின், அதுவும் அவ்வாறே நிற்கட்டும். விளக்கம் மட்டும் தமிழில் நடக்கட்டும்.

தமிழ்வழிப் படித்தோர்க்கு அரசுப் பணியிடங்களில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010-இல் வந்தது. ஆங்கிலவழிப் பாடமாயினும் தேர்வைத் தாய்மொழியில் எழுத இசையுமாறு 2023-இல் பல்கலைக்கழக நல்கைக்குழு பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. இசைவு மட்டும் போதுமா? நூலும், தமிழில் நடத்தும் ஆசிரியரும், தமிழ் விடையை மதித்துத் திருத்துவாரும் இல்லையேல் அவ்விசைவு ஏட்டுச் சுரைக்காயே.

ஆகவே, பட்ட வரையறையில் இரண்டினைச் சேர்த்தல் வேண்டும். ஒவ்வொரு பாடப்பகுதிக்கும் தமிழ்க் கலைச்சொற்களைத் தேர்வுக்குரியனவாக்குக. ஒவ்வொரு மாணவனும் தன் ஊர்ச் செடிகொடிகளை ஆராய்ந்து, ஊரார் வழங்கும் பெயரும் பயனும் உலகப் பொதுப்பெயரும் சேர்த்துத் தமிழில் ஓர் ஏடு எழுதுவதைக் கட்டாயமாக்குக. மூதாட்டியர் நாவிலுள்ள பெயர்கள் அவரோடு மறைந்தொழியுமுன் இது நிகழ்ந்தாக வேண்டும். பெரும் பல்கலைக்கழகங்கள் வரட்டுமெனக் காத்திராது, சிற்றூர்க் கல்லூரிகளே இதனை முதலில் தொடங்குக!