சித்திரக்கதையும் அசையும் படமும்

சித்திரக்கதை சிறுவர்க்குரிய பொழுதுபோக்கே என்று கருதும் பெரியோர் பலர். அவரோடு வழக்காடுதல் ஈண்டு நமது நோக்கமன்று. அச்சிட்ட தாளிற் படிக்கப்பட்டு வந்த சித்திரக்கதைகளை மாணவர் இன்று கைபேசியில் கட்டங் கட்டமாகப் பார்க்கின்றனர். அசையும் படங்களாகவும் காண்கின்றனர். கதை ஒன்றேயாக, எவ்வடிவிற் கண்டாலென்ன என வினவுவாரும் உளர். அவ்வினாவிற்கு விடை கூறவே இதனை எழுதப் புகுந்தோம்.

அமெரிக்க ஓவியராகிய வின்சர் மக்கே என்பார் வரைந்த 'லிட்டில் நீமோ' என்னும் சித்திரக்கதை, 1905-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் முதல் 'நியூயார்க் ஹெரால்டு' பத்திரிகையில் ஞாயிறுதோறும் ஒரு முழுப் பக்கமாக வண்ணத்தில் வெளிவந்தது. நீமோ என்னுஞ் சிறுவன் கனாக் காண்பான். கடைசிக் கட்டத்தில் விழித்துக்கொள்வான். 1908 ஜூலை 26-ஆம் நாளைய பக்கத்தில், அவன் படுத்த கட்டிலின் கால்கள் நீண்டு வளர, கட்டில் நகர வீதிகளில் நடந்து செல்கின்றது. கால்கள் வளர வளரக் கட்டங்களும் உயர்கின்றன. பக்கத்தை ஒருங்கே நோக்குவார்க்கன்றி இவ்வழகு புலனாகாது. கைபேசியிலோ கட்டம் ஒவ்வொன்றையும் திரையின் அளவிற்குப் பெருக்கியும் குறுக்கியும் காட்டுகின்றனர். குட்டைக் கட்டமும் நெட்டைக் கட்டமும் ஒரே திரைக்குள் அடங்கவே, கட்டில் வளர்ந்த வியப்பு மறைந்தொழிகின்றது.

இவ்வோவியரே 1911-ஆம் ஆண்டில் நீமோவை அசையும் படமாகவும் ஆக்கினார். அதன்பொருட்டு ஏறத்தாழ 4,000 சித்திரங்களைத் தம் கையால் வரைந்தார். ஆயினும், பத்திரிகையில் வந்த பக்கம் எதனையும் அவர் அப்படியே ஆட்டிக் காட்டினாரல்லர். அப்படத்திற் கதையென்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. உருவங்கள் நீள்வதும் குறுகுவதுமாகிய அசைவே அதன் இன்பம். இரண்டும் வெவ்வேறு கலை என்பதை அவர் நன்குணர்ந்திருந்தார் என்பது எமது துணிபு.

அச்சுப் பக்கத்தில் ஒரு கட்டத்திற்கும் அடுத்ததற்கும் நடுவே வெற்றிடம் உண்டு. முன்னதில் ஓங்கிய கை பின்னதில் தாழ்ந்திருக்குமாயின், இடையே நிகழ்ந்த அடியை ஓவியர் வரையவில்லை. படிப்பவன் உள்ளமே வரைந்தது. நின்று நோக்குதலும், திரும்பிச் செல்லுதலும், விரைதலும் அவன் விருப்பம். அசையும் படத்திலோ அடியைப் பிறர் அடித்துக் காட்டுவர். காலத்தையும் பிறரே அளப்பர். அதனையும் நிறுத்திப் பார்க்கலாமே எனின், அது நின்றுபோன படமேயன்றி, நிற்பதற்கென வரைந்த படமன்று.

இதனால் புதியன யாவும் தீயன என்பது நமது கொள்கையன்று. தென்கொரியாவிற் பெருகிய 'வெப்டூன்' கதைகள் கைபேசித் திரையில் மேலிருந்து கீழாக நகர்த்திப் படிப்பதற்கென்றே வரையப்படுவன. படத்திற்கும் படத்திற்கும் இடையே உள்ள வெளியின் நீளமே அங்குக் காலத்தை உணர்த்தும். அவற்றைப் பக்கங்களாக வெட்டி அச்சிடின் அவையும் குறைவுறும். மேலும், பார்வை குன்றியோர்க்கு எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டுதலும், கிடைத்தற்கரிய பழங்கதைகளைத் தொலைவிலுள்ளார்க்கு எட்டச் செய்தலும் திரையின் நன்மைகளே. எவ்வடிவிற்கென ஒரு கதை வரையப்பட்டதோ, அவ்வடிவில் அதனை ஒருமுறையேனும் படித்தல் வேண்டும் என்பதே நாம் வற்புறுத்துவது.

ஆதலின், திரையிற் கிடைக்கின்றதென்று அச்சுப் பிரதிகளைக் கழித்துவிடுதல் பிழையாம். சிவகாசியிலிருந்து 1972-ஆம் ஆண்டு முதல் வெளிவந்த முத்து காமிக்ஸ் இதழ்களை இளமையில் விரும்பிப் படித்த பழைய மாணவர் நம்மிடையே இலரோ? வீட்டுப் பரணில் அவை இன்னும் இருக்குமாயின், பழைய தாள் விலைக்குப் போடாது நமது கல்லூரி நூல்நிலையத்திற்கு அளிப்பாராக. நூல்நிலையத்தாரும் அவற்றை இகழாது கட்டடஞ் செய்து காப்பாராக. இன்றைய மாணவர் அவற்றைக் கையிலெடுத்து, தம் விரலாலேயே பக்கம் புரட்டி, தம் உள்ளத்தாலேயே வெற்றிடங்களை நிரப்பும் இன்பத்தை அறியட்டும்.