மஞ்சள் தோட்டமும் பன்னிரண்டு கட்டமும்

"ஏங்கண்ணு, மஞ்சள் வெச்சா லாபம்னுதான் எல்லாரும் சொல்றாங்க. அப்புறம் ஏன் வருஷா வருஷம் தீபாவளி வந்தா என் வளையல் அடகுக்குப் போகுது?" என்று பக்கத்துத் தோட்டத்து அக்கா கேட்டார். தோட்டம் துரவு உள்ள வீட்டுச் சகோதரிகள் பலருக்கும் இதே கேள்வி உண்டு.

லாபம் வேறு, கையில் இருக்கும் பணம் வேறு. சம்பளக்காரர் வீட்டில் மாதம் பிறந்தால் பணம் வரும். நமக்கு அப்படியா? ஈரோட்டுப் பக்கம் வைகாசி, ஆனியில் மஞ்சள் நட்டால், வெட்டி, வேகவைத்து, காயவைத்து, பாலிஷ் போட்டு விற்கப் பங்குனி ஆகிவிடும். பத்து மாசம் செலவு, ஒரு மாசம் வரவு!

ஒரு நோட்டில் பன்னிரண்டு கட்டம் போடுங்கள். மாசத்துக்கு ஒரு கட்டம். ஒவ்வொன்றிலும் கையிருப்பு, வரவு, செலவு, மீதி என்று நாலு வரி. இந்த மாத மீதிதான் அடுத்த மாதக் கையிருப்பு. பள்ளிக்கூடச் சம்பளம், தீபாவளிச் சீர், கல்யாண மொய் எல்லாம் செலவில் வர வேண்டும். வீட்டுச் செலவை விட்டுவிட்டால் கணக்கு பொய் சொல்லும்.

அக்காவுக்காக நான் போட்ட மாதிரிக் கணக்கு இது. தொகைகள் பேச்சுக்குத்தான், சுருக்கமாக இரண்டு மாதங்களைச் சேர்த்திருக்கிறேன். தீவனம் போகப் பால் பணம் இரண்டு மாதத்துக்கு 16,000 ரூபாய்.

வைகாசி–ஆனி: கையிருப்பு 1,20,000. விதைக் கிழங்கு, உழவு, எரு, பள்ளிச் செலவு 90,000. மீதி 46,000.
ஆடி–ஆவணி: களை, உரம், வீடு 40,000. மீதி 22,000.
புரட்டாசி–ஐப்பசி: மண் அணைப்பு, உரம், தீபாவளி 45,000. துண்டு 7,000.
கார்த்திகை–மார்கழி: செலவு 30,000. துண்டு 21,000.
தை–மாசி: வெட்டுக் கூலி, வேகவைப்பு, பொங்கல் 60,000. துண்டு 65,000.

பங்குனியில் மஞ்சள் 3,00,000க்கு விற்றால் துண்டு அடைபட்டு 2,35,000 மிஞ்சும். வருஷத்தில் நஷ்டமே இல்லை. ஆனாலும் ஐப்பசியில் வளையல் போகிறது, பார்த்தீர்களா? நகை தப்பினால், முன்பணம் தந்த வியாபாரி சொன்ன விலைக்கே மஞ்சளைக் கொடுக்க வேண்டி வரும்.

இந்த 65,000 வைகாசியிலேயே கண்ணில் பட்டுவிட்டால் வழி இருக்கிறது. வெளியில் நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்கினால், அந்தத் தொகைக்கு மாதம் 1,950 ரூபாய் போய்விடும். தமிழ்நாட்டில் கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனுக்கு, தவணை தப்பாமல் கட்டினால் வட்டி இல்லை. தவணைத் தேதி மஞ்சள் விற்ற பிறகு வருமாறு பார்த்துக் கேளுங்கள். கடன் வாங்கியதை வரவிலும், கட்டுவதைச் செலவிலும் எழுத மறக்காதீர்கள். கடன் வருமானம் ஆகாது.

பங்குனியில் விலை படுத்துக் கிடந்தால் ஒரேயடியாக விற்றுத் தள்ள வேண்டாம். காய்ந்த மஞ்சள் கெடாது. ஒழுங்குமுறை விற்பனைக் கூடக் கிடங்கில் வைத்துப் பொருளீட்டுக் கடன் வாங்கலாம். அவசரத்துக்கு வேண்டிய அளவு மட்டும் விற்கலாம்.

பால் பணத்தில் ஒரு எச்சரிக்கை. கன்று போடுவதற்கு இரண்டு மாதம் முன்பே பசுவின் பாலை வற்ற விட வேண்டும். அந்தக் கட்டங்களில் வரவு சைபர்! இரண்டு பசு வைத்திருப்பவர்கள், இரண்டும் ஒரே சமயத்தில் வற்றாதபடி சினைக்கு விடுங்கள்.

பங்குனிப் பணம் வந்ததும் மனசு தாராளமாகும். பீரோ வாங்கலாமா, வண்டி மாற்றலாமா என்று தோன்றும். அதற்கு முன், வரப்போகும் வைகாசி நடவுக்கும் துண்டு விழும் மாதங்களுக்கும் வேண்டியதைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். மீதிதான் நம் லாபம்.

நோட்டை வீட்டுக்காரரோடு உட்கார்ந்து எழுதுங்கள். "உனக்கெதுக்கு இதெல்லாம்?" என்று கேட்டால், "அடகுக்குப் போறது என் வளையல்தானுங்களே!" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள்.

அடுத்த இதழில் மாட்டுக் கொட்டகைக் கணக்கைப் பார்ப்போம்.